ஆறு இளைக்கும் காலத்தில் மீன்களைக் காப்போம்



கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களைப் பற்றித் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து தைப்பூசம் நெருங்கும் வேளையில் இலைகள் பழுத்துச் சிவந்து விழத் தொடங்கும். பால் குறையும், பால் குறைந்தால் வருமானமும் குறையும். அதே நாட்களில், நாம் அதிகம் கவனிக்காத இன்னொன்றும் குறைகிறது. அதுதான் தோட்டத்து ஓரமாய் ஓடும் ஆறு. மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடிய நீர் முழங்காலுக்கு இறங்கும். பிறகு கணுக்காலுக்கு இறங்கும். கற்கள் வெளியே தெரியும். ஆங்காங்கே பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும்.

இப்படி ஆறு இளைத்திருக்கும் காலத்தில் அதில் வாழும் மீன்களுக்கு என்ன நேர்கிறது? அவற்றைக் காப்பாற்ற நம்மைப் போன்ற குடும்பங்கள் என்ன செய்ய முடியும்? இவையே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள். மீனைப் பற்றிய பேச்சு என்றாலும் இது மீனோடு முடிந்துவிடும் பேச்சன்று. மீன் வாழ முடியாத ஆற்று நீரைக் குழந்தைகள் குளிக்கவும் மாடுகள் குடிக்கவும் நம்பியிருக்க முடியாது அல்லவா?

பேராக் மாநிலத்து ஆறுகளை முதலில் நினைவில் கொள்வோம். மாநிலத்துக்குப் பெயர் தந்த பேராக் ஆறு, தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்தபடியாக நீளமானது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. கோர்பு மலையில் பிறக்கும் கிந்தா ஆறு தஞ்சோங் ரம்புத்தான் வழியாக இறங்கி, ஈப்போ பட்டணத்தின் நடுவே ஓடி, பின்னர் பேராக் ஆற்றைச் சேர்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்தில் பிலுஸ் ஆறு, பத்து காஜா பக்கத்தில் ராயா ஆறு, கோப்பெங், கம்பார் பக்கத்தில் கம்பார் ஆறு என்று நம் தோட்டங்கள் பலவும் ஏதாவதோர் ஆற்றை ஒட்டியே அமைந்தன. இன்று அந்தக் கித்தாத் தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் ஆறு இடம் மாறவில்லை. அன்று நம் பாட்டனார் தூண்டில் போட்ட அதே ஆறுதான் இன்று நம் தாமானுக்குப் பின்னால் சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே ஓடுகிறது.

இந்நாட்டின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைவு. இது ஆண்டுதோறும் நடப்பது. மீன்களும் இதற்குப் பழகியவையே. ஆனால் 'எல் நினோ' என்னும் வானிலை மாற்றம் ஏற்படும் ஆண்டுகளில் வெப்பம் கூடி, வறட்சி நீண்டுவிடுகிறது. 1997-98, 2015-16, 2023-24 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். கிரியான் நெல்வயல்களுக்காக 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் மட்டம் 2016-ஆம் ஆண்டு வறட்சியில் வெகுவாக இறங்கிற்று. வயலுக்கு நீர் விடுவதே பெரும்பாடாயிற்று. உலகெங்கும் மதிப்புப் பெற்ற பொன்னிற அரோவானா மீனின் தாயகம் அந்த ஏரிதான். நெல்லுக்கே நீரில்லாதபோது மீனின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

நீர் குறைந்தால் மீனுக்கு என்ன கேடு? "கொஞ்சமாவது தண்ணீர் இருக்கிறதே, நீந்திக்கொள்ளட்டுமே" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நீர் முற்றிலும் வற்றுவதற்கு வெகு முன்னரே மீனுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. அதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது வெப்பம். ஆழமான நீர் மெல்லச் சூடேறும். ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். கரையில் நிழல் மரங்கள் இல்லாவிட்டால் இன்னும் விரைவு. ஒரு குடம் நீரையும் ஒரு தட்டு நீரையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். எது முதலில் சுடுகிறதென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பிராணவாயு. நாம் காற்றிலிருந்து மூச்சு விடுவதைப்போல மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் இந்த வாயு அதிகமாகக் கரையும். சூடான நீரில் குறைவாகக் கரையும். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நல்ல நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. நீர் சூடேறும்போது மீனின் உடலுக்கோ முன்னைவிட அதிகப் பிராணவாயு தேவைப்படுகிறது. செலவு கூடும் மாதத்தில் சம்பளம் குறைந்தாற்போன்ற நிலை இது. மேலும், ஓடும் நீர் கற்களில் மோதித் தெறிக்கும்போதுதான் காற்று அதனுள் நன்கு கலக்கிறது. ஓட்டம் நின்றால் அந்த வழியும் அடைபடுகிறது. தேங்கிய நீரில் பாசி பெருகும். பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிக்கும். ஆகவேதான் தேங்கிய நீரில் விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்தபடி நீர்மட்டத்துக்கு வந்து தவிக்கின்றன.

மூன்றாவது அழுக்கு. ஒரு பிடி உப்பை ஓர் அண்டா நீரில் போட்டால் அவ்வளவாகத் தெரியாது. அதே உப்பை ஒரு குவளை நீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆற்றிலும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஆறு தாங்கிக்கொள்ளும் சோப்பு நீரும் சாக்கடையும் ஆலைக்கழிவும் வறண்ட காலத்தில் அதே அளவில் வந்தாலும் நஞ்சாகிவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையும் ஆபத்தானது. கால்வாய்களிலும் சாலைகளிலும் பல வாரமாகச் சேர்ந்த அழுக்கை அது ஒரே மூச்சில் இளைத்த ஆற்றுக்குள் கொண்டுவந்து தள்ளுகிறது. மழை வந்த மறுநாள் மீன்கள் செத்து மிதப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நான்காவது நெருக்கம். நீர் குறைந்ததும் மீன்கள் ஆழமான மடுக்களில் கூடுகின்றன. மலாய்க்காரர்கள் இதை 'லுபோக்' என்பார்கள். சிறிய இடத்தில் பெருங்கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும். பிடிப்பவர் கைக்கும் எளிதாக அகப்படும்.

இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. பேரங்காடிகளில் இப்போது செந்நிறச் சதையுடன் விற்கும் சால்மன் மீனை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குளிர்நாடுகளில் அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கிளாமத் என்றோர் ஆறு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில், வறட்சியாலும் மேல்பகுதியில் விவசாயத்துக்கு நீர் திருப்பப்பட்டதாலும் அந்த ஆறு இளைத்து வெதுவெதுப்பாக இருந்தது. கடலிலிருந்து திரும்பிய சால்மன்கள் கீழ்ப்பகுதியில் நெருக்கமாகக் கூடின. செவுள் நோய் பரவிற்று. சில நாட்களுக்குள் 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. ஆறு அப்போது வற்றிவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மீனுக்குப் போதுமான அளவில் ஓடவில்லை.

அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீனை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பலனாக, மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டிருந்த நான்கு பழைய அணைகள் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. அகற்றும் வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த மேல்பகுதிக்குச் சால்மன்கள் ஏறிச் சென்றன. ஆறு நம்மை மன்னிக்கத் தயாராகவே இருக்கிறது. வழிவிட வேண்டியது நாம்தான்.

நம் ஆறுகளில் சால்மன் இல்லை. ஆனால் அதற்கு ஈடாகப் போற்றத்தக்க மீன்கள் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது கெலா. பெரிய செதில்களும் உறுதியான உடலும் கொண்ட இம்மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையடிவாரத்தில், தெளிந்த நீர் கற்களின்மீது வேகமாய் ஓடும் இடத்தில் வாழும். கரை மரங்களிலிருந்து விழும் பழங்களை விரும்பித் தின்னும். தூண்டில்காரர்கள் பழுத்த செம்பனைப் பழத்தையே இதற்கு இரையாக வைப்பதை நம்மில் பலர் அறிவோம். இது மெதுவாக வளரும் மீன். ஒரு பெரிய கெலாவைப் பிடித்துவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்று வளரப் பல ஆண்டுகள் வேண்டும். நம் முன்னோர்களில் பலர் விட்டு வந்த காவிரிக்கரையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. காவிரியின் திமில் கெண்டை மீன் அழிவின் விளிம்பில் நிற்பதாக 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்துச் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில், கோயில் மீன் என்று யாரும் கை வைக்காததால், கெலாவின் உறவு மீன்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. பக்தி செய்த காவல் அது.

இரண்டாவது மீன் தெமோலே. பேராக் ஆற்றுக்குப் பெருமை சேர்த்த மீன் இதுவே. மலேசியாவில் பேராக், பகாங் ஆறுகளுக்கு உரியது. உடலின் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். ஆற்று நத்தைகளை நொறுக்கித் தின்னும். இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகவும் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாடுகளுக்கிடையே இதை வாணிபம் செய்வதற்கும் தடை உண்டு. பேராக் ஆற்றின் குறுக்கே 1930-ஆம் ஆண்டில் செண்டேரோ அணையும், 1970-களின் பிற்பகுதியில் தெமெங்கோர் அணையும், பிறகு வேறு அணைகளும் எழுந்தன. அவை நமக்கு மின்சாரம் தந்தன. ஆனால் நெடுந்தூரம் நீந்தி இடம் மாறும் மீனுக்கு அவை மதில்களாயின. மணல் அள்ளுவதால் ஆற்றின் அடித்தளம் கெட்டு, முட்டையிடும் இடங்களும் நத்தைகளும் குறைகின்றன.

"எங்கள் பக்கத்துக் கால்வாயில் மீன் துள்ளுகிறதே!" என்று சிலர் கேட்கலாம். அந்த மீன் எது என்று பார்க்க வேண்டும். விரால், கெளுத்தி, பனையேறி ஆகியவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கக் கூடியவை. பிராணவாயு அற்ற சாக்கடை நீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கெலாவுக்கும் தெமோலேக்கும் அந்த வித்தை தெரியாது. ஆகவே கெளுத்தி மட்டும் மிஞ்சிய ஆறு நலமான ஆறாகாது. எல்லாரும் காலி செய்த வீட்டில் கடைசியாக நிற்கும் காவற்காரன் போன்றது அந்தக் கெளுத்தி.

இனி, தோட்டப்புறத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள பழைய கணக்கைப் பார்ப்போம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய ஈய வயல். ஈய லம்பங்களிலிருந்து வந்த மண்ணும் மணலும் ஆறுகளை மேடாக்கின. 1985-ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டன. குட்டைகள் மட்டும் மிஞ்சின. கித்தா ஆலைகளும் செம்பனை ஆலைகளும் தங்கள் கழிவை ஆற்றில் விட்டன. சுத்திகரிக்காத செம்பனை ஆலைக்கழிவு ஒரு லிட்டரைச் சிதைத்துத் தீர்க்க நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் இருப்பதோ ஏழோ எட்டோ மில்லிகிராம் என்று முன்னே கண்டோம். அந்தக் கழிவு இறங்கிய ஆற்றில் மீன் எப்படி வாழும்?

அந்த நிலையைச் சட்டம் மாற்றிற்று. 1974-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கு 1977-லும் கித்தா ஆலைகளுக்கு 1978-லும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. செம்பனை ஆலைக்கழிவின் பிராணவாயுத் தேவை 1978-ஆம் ஆண்டில் 5,000 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்று தொடங்கி, படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1984-ஆம் ஆண்டில் 100 மில்லிகிராமாக நிர்ணயிக்கப்பட்டது. "ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா?" என்று அன்று பேசியவர்கள் உண்டு. ஆலைகள் கழிவுக் குட்டைகள் வெட்டின. செம்பனைத் தொழிலும் வளர்ந்தது. கட்டுப்பாடு விதித்தால் பிழைப்புப் போய்விடும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றில் நீர் நிறைய ஓடும் நாளுக்கும் கணுக்கால் அளவே ஓடும் நாளுக்கும் ஆலையின் கழிவுக்கு ஒரே அளவுதான். மழைக்காலத்தில் தீங்கு செய்யாத அளவு வறண்ட காலத்தில் தீங்கு செய்யலாம். ஆகவே ஆறு இளைக்கும் மாதங்களில்தான் நமது கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

சரி, நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலில், மடுவை விட்டுவைப்போம். விவசாயி எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைப்பதில்லை. வறண்ட காலத்து மடுவில் கூடும் மீன்கள்தாம் அந்த ஆற்றின் விதைநெல். அடுத்த மழையில் அவையே மேலும் கீழும் பரவிக் குஞ்சு பொரிக்கும். மடுவில் வலை வீசி ஒரு நாள் விருந்து சமைத்தால் ஓர் ஆண்டு அறுவடையை இழந்தவர்களாவோம். குடும்பத் தேவைக்கு மீன் வேண்டுமானால் நீர் நிறைந்த மாதங்களில், வேண்டிய அளவு மட்டும் பிடிக்கலாம். அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தில் ஆற்று நீரின் வெப்பம் மூன்று நாட்கள் தொடர்ந்து ஏறக்குறைய 23 பாகையை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். மீன் களைத்திருக்கும் வேளையில் அதைத் துரத்தக்கூடாது என்பதே அதன் கருத்து.

இரண்டாவது, நஞ்சும் மின்சாரமும் வேண்டாம். தூபா வேரை நசுக்கி நீரில் கலந்தால், மீனின் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. பெரிய மீனைப் பிடிக்கப் போட்ட நஞ்சு குஞ்சையும் முட்டையையும் நீர்ப்பூச்சியையும் சேர்த்தே கொல்லும். நீர் குறைவாயிருக்கும்போது அதன் வேகம் பன்மடங்கு. பேட்டரியைக் கட்டிக்கொண்டு மின்சாரம் பாய்ச்சுவது பிடிப்பவர் உயிருக்கே உலை வைக்கும். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.

மூன்றாவது, மருந்தடிக்கும் வேலை செய்யும் தாய்மார்களுக்கு ஒரு சொல். களைக்கொல்லியாக நாம் அறிந்திருந்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் வேறு மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. செம்பனையில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைப்பர்மெத்ரின் மனிதரைக் காட்டிலும் மீனுக்கு மிகக் கொடியது, துளியளவே போதும். ஆகவே மருந்துத் தோம்பையும் கையுறையையும் ஓடையில் கழுவுவது கூடவே கூடாது. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரை மருந்துத் தோம்பிலேயே ஊற்றி, வயலுக்கே அடித்துவிட வேண்டும். பிறகு டப்பாவில் துளையிட்டு ஒப்படைக்க வேண்டும். அதில் குடிநீர் பிடிப்பது உயிருக்கே ஆபத்து.

"கழுவுவதற்கு வேறு இடம் இல்லையே, தண்டல் அங்கேதான் கழுவச் சொல்கிறார்" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஓடையை விட்டுத் தள்ளி ஒரு கழுவுமிடம் அமைத்துத் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தொழிலாளியின் பாதுகாப்பை உறுதி செய்யும் கடமையை 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின்மீது வைத்திருக்கிறது. இதைத் தனியாளாகக் கேட்கத் தயக்கமாயிருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து, சங்கத்தின் வழியே கேட்கலாம். ஆற்றைக் காப்பதன் பாரம் முழுவதையும் ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நம் நோக்கமன்று. தூண்டில் போடும் ஒரு பாட்டனாரைவிட, இரவோடு இரவாகத் திறந்துவிடப்படும் ஒரு கழிவுக் குழாய் பெருங்கேடு செய்யும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

நான்காவது, கரையிலுள்ள மரங்களை விட்டுவைப்போம். நிழல் நீரைக் குளிர்விக்கிறது. வேர் மண்ணைப் பிடிக்கிறது. விழும் பழம் மீனுக்கு உணவாகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியின்படி 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டரும், 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு 50 மீட்டரும் காப்பு நிலமாக விடப்பட வேண்டும். சொந்த நிலத்தில் செம்பனையோ காய்கறியோ பயிரிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். வறண்ட நாளில் ஓடையை முழுவதும் மறித்துப் பம்பு வைத்து இறைப்பதும் தவறு. அண்டை வீட்டாரோடு முறை வைத்துக்கொண்டு, ஓட்டம் அறுந்துபோகாமல் எடுக்கலாம். பெரிய அணைகளுக்கும் இதே நீதிதான். குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் எடுத்தது போக ஆற்றுக்கென்று ஒரு பங்கை இடைவிடாமல் விட வேண்டும்.

ஐந்தாவது, வழிபாடும் சடங்கும். தைப்பூசம் வருவது வறண்ட மாதத்தில்தான். கருமக்கிரியைகளையும் நாம் ஆற்றங்கரையில் செய்கிறோம். ஆறு நமக்குப் புனிதமானது என்பதால்தானே அங்கே போகிறோம்? அப்படியானால் நெகிழிப் பைகளையும் படங்களையும் பழந்துணிகளையும் அதில் விட்டுவர மனம் எப்படி வரும்? கொண்டுபோன பையிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். வேண்டுதலுக்காக வெளிநாட்டு மீன்களை ஆற்றில் விடுவதும் கூடாது. ஈயக் குட்டைகளில் இப்போது பரவியிருக்கும் 'பீகாக் பாஸ்' போன்ற தென்னமெரிக்க மீன்கள் நம் மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்ப்பவை.

ஆறாவது, பார்த்துக் குறித்து வைப்போம். இது பள்ளிப் பிள்ளைகளுக்கு உகந்த வேலை. பெரியவர் ஒருவரின் துணையோடு, ஓரிடத்தில் சென்டிமீட்டர் குறித்த கோலை நட்டு, வாரம் ஒரு முறை நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். நிறம், மணம், நுரை ஆகியவற்றையும் எழுதுங்கள். கல்லைப் புரட்டிப் பாருங்கள். ஈசலைப் போன்ற மே பூச்சியின் இளம்புழுக்கள் இருந்தால் நீர் நன்று. சிவந்த மண்புழு போன்ற சிறு புழுக்களும் அட்டைகளும் மட்டுமே இருந்தால் நீர் கெட்டிருக்கிறது. மீன்கள் செத்து மிதந்தால் அவற்றைச் சமைத்துவிடாதீர்கள். கொன்றது எதுவென்று நமக்குத் தெரியாது. நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்து, படம் எடுத்து, சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் மீன்வள இலாகாவுக்கும் உடனே தெரிவியுங்கள். தேதி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் பத்து வாய்ப்பேச்சுக்குச் சமம்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று சிலர் ஐயுறலாம். சபா மாநிலத்தில் நடந்திருக்கிறது. அங்குள்ள கிராமத்தார் 'தாகால்' என்றொரு முறையைக் கைக்கொள்கிறார்கள். தடை என்பது அச்சொல்லின் பொருள். ஊர் கூடி, ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதில்லை என்று தீர்மானிக்கிறது. சில பகுதிகள் நிரந்தரமாக மூடப்படுகின்றன. சில பகுதிகள் குறித்த காலத்தில் மட்டும் திறக்கப்பட்டு, கிடைக்கும் மீன் ஊராருக்குப் பங்கிடப்படுகிறது. மீறியவருக்கு ஊரே அபராதம் விதிக்கிறது. 2003-ஆம் ஆண்டில் சபாவின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் இந்த முறைக்கு இடம் கொடுத்தது. மீன் அருகிப்போயிருந்த ஆறுகளில் இன்று கெலா இன மீன்கள் காலைச் சுற்றி வருகின்றன. அவற்றைப் பார்க்க வெளியூரார் வந்து அந்த ஊர்களுக்கு வருமானமும் கிடைக்கிறது.

நம் மக்களுக்கும் ஊர் கூடித் தேர் இழுத்துப் பழக்கம் உண்டு. கோயில் திருவிழாவுக்குக் குழு அமைக்கிறோம்; பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் சங்கம் அமைக்கிறோம். அதே குழு, ஆண்டின் வறண்ட மாதங்களில் "நம் பகுதியிலுள்ள இந்த ஒரு மடுவில் யாரும் மீன் பிடிப்பதில்லை" என்று ஒரு தீர்மானம் போட்டால் அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க் குடும்பங்களையும், மேல்பகுதியில் வாழும் பூர்வகுடி மக்களையும், சீன நண்பர்களையும் அழைத்துப் பேசலாம். ஆற்றுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. மேலே ஒருவர் விடும் நஞ்சு கீழே எல்லார் வாசலுக்கும் வருகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இன்று நாம் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடுப்போம். ஆறு நிறைந்திருக்கும் நாளில் ஒரு கை கூடுதலாக எடுத்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். அது இளைத்திருக்கும் நாளில் நாம்தான் பொறுக்க வேண்டும்.